‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும்: றடிசனின் பயண எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

பியர் எஸ்பிரி றடிசன் என்னும் பெயர் நமது இலக்கிய ஆய்வுச் சூழலில் பெரிதும் அறியப்படாத ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பேரேரிகளுக்கும் ஹட்சன் விரிகுடாவுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உரோமத்தோல் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர் அவர். தாம் சென்ற வழிகளையும் கண்ட மக்களையும் செய்த வணிகத்தையும் எழுதிவைத்தார். அவ்வெழுத்துக்கள் இருவகை வாசிப்புக்கு உட்பட்டு வந்துள்ளன. ஒரு சாரார் அவரை அச்சமறியாத நாடாய்வாளராக, ஒரு புதிய தேசத்தின் மூலவர்களுள் ஒருவராகப் போற்றுவர். மற்றொரு சாரார் குடியேற்றவாதத்தின் முகவர் என்ற ஒரே சொல்லில் அவரை முடித்துவிடுவர். முதலாவது வாசிப்பு வரலாற்றைத் தனிமனித வீரமாகச் சுருக்குகின்றது. இரண்டாவது, முடிவளவில் பெரிதும் பிழையற்றதாயினும், எழுத்தினுள் புகாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. எழுத்தின் உள்ளமைப்பிலே சமூக உறவுகள் எவ்வாறு பதிந்துள்ளன என்று காண்பதே இலக்கிய ஆய்வாளனின் பணியாகும். அந்நோக்கில் றடிசனின் ஒரேயொரு சொல்லை, தன்மைப் பன்மைப் பெயரை, இங்கு ஆராய முற்படுகின்றோம்.

பூண்டுலோயாவின் தேயிலை மலைகளிலிருந்து நோக்குவோருக்கு றடிசனால் ஆவதென்ன என்ற வினா எழுதல் இயல்பே. பீவர் தோலும் தேயிலையும் பிரித்தானிய மூலதனம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கண்டங்களில் திரட்டிய இரு ஏற்றுமதிப் பண்டங்கள். இரண்டையும் பற்றி முதலில் எழுதியோர் வணிகரும் துரைமாருமே, உழைத்தோரல்லர். ஆகவே பிறர் எழுதிய நூலில் தம்மைத் தேடும் நிலை வட அமெரிக்கப் பழங்குடியினருக்கும் மலையகத் தமிழருக்கும் பொதுவானது. எவ்வாறு தேடுவது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் வாழ்க்கை. றடிசன் 1630களின் பிற்பகுதியில் பிரான்சில் பிறந்தவர் என்று கொள்ளப்படுகின்றது. 1651ஆம் ஆண்டளவில் புதிய பிரான்ஸ் எனப்பட்ட குடியேற்றத்தின் துறுவா றிவியேர் என்னும் ஊரை அடைந்தார். சிறிது காலத்துள், பறவை வேட்டைக்குச் சென்றவிடத்து மோஹாக் மக்களால் சிறைப்பிடிக்கப்பட்டார். போரில் இறந்த ஒருவரின் இடத்துக்குச் சிறைப்பட்டவரைச் சுவீகரித்துக்கொள்ளல் அம்மக்களின் வழக்கம். அவ்வழக்கப்படி ஒரு குடும்பம் அவரை மகனாக ஏற்று, இறந்த தன் மகனின் பெயரையும் அவருக்கு இட்டது. அவரை ஏற்ற தாயும் முன்னொருகால் சிறைப்பட்டு வந்த ஹுரோன் பெண்ணே. ஒருமுறை தப்பியோட முயன்று, உடனிருந்த மோஹாக்கியரின் கொலையிலும் பங்குகொண்டு, மீண்டும் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது அவரை மீட்டதும் அக்குடும்பமே. 1653இல் ஒல்லாந்தரின் ஒறேஞ்சுக் கோட்டை வழியாகத் தப்பி ஐரோப்பா சென்று, அடுத்த ஆண்டு கனடாவுக்குத் திரும்பினார்.

1659இல் தம் தமக்கை முறையானவரின் கணவரான மெடார் சுவார் டி குறொசெயியே என்பவருடன் சுப்பீரியர் ஏரிக்கு அப்பால் சென்று பஞ்சம் மிகுந்த ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். 1660இல் பெருந்தொகைத் தோல்களுடன் இருவரும் திரும்பினர். ஆயினும் உரிய அனுமதியின்றிச் சென்றமைக்காகக் குடியேற்ற ஆட்சியின் தண்டனையும் வரியும் காத்திருந்தன. மனம் கசந்த இருவரும் பொஸ்ரன் வழியாக 1665இல் இங்கிலாந்தை அடைந்தனர். ஹட்சன் விரிகுடாவிற்குக் கடல்வழியே நேராகச் சென்றால் உள்நாட்டின் தோல் வளம் முழுவதையும் கைக்கொள்ளலாம் என்ற அவர்களது திட்டம் அங்கு ஆதரவு பெற்றது. 1668இல் இரு கப்பல்கள் புறப்பட்டன. குறொசெயியே சென்ற கப்பல் விரிகுடாவை அடைந்தது. றடிசன் சென்ற கப்பலோ புயலாற் சேதமுற்றுத் திரும்பியது. 1670 மே 2ஆம் நாள் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் ஹட்சன் விரிகுடாக் கொம்பனிக்குச் சாசனம் வழங்கினார். விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் அச்சாசனத்தால் கொம்பனிக்கு உரியதாயிற்று. அந்நிலம் இன்றைய கனடாவின் பரப்பில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டது. அங்கு வாழ்ந்தோரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

கப்பல் திரும்பியதால் இலண்டனில் தங்க நேர்ந்த குளிர்காலத்திலேயே, 1668-69இல், முதல் நான்கு பயண உரைகளும் எழுதப்பட்டன. அவை ஆங்கிலத்திற் கிடைத்துள்ளன. அவரே அம்மொழியில் எழுதினாரா, பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டனவா என்பது நெடுங்கால விவாதம். இக்கையெழுத்துப்படிகள் சாமுவேல் பீப்ஸ் என்ற அரச அலுவலரின் தாள்களோடு கிடந்து, கழிவுத்தாளாகக் கடைகளுக்குச் சென்றுகொண்டிருந்தவற்றிலிருந்து மீட்கப்பட்டு, ஒக்ஸ்போட்டின் பொட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன. 1885இல் பொஸ்ரனில் முதன்முறையாக அச்சாயின. றடிசனின் எழுத்துக்கள் அனைத்தும் அடங்கிய ஆய்வுப் பதிப்பை ஜேர்மெய்ன் வோர்க்கென்ரின் என்ற அறிஞர் 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார்.

எழுதப்பட்ட சூழலை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். இவ்வுரைகள் ஓய்வுநேர நினைவுக் குறிப்புகளல்ல. முதலிடத் தயங்கும் பிரபுக்களையும் வணிகரையும் இணங்கச் செய்வதற்கான ஆவணமாகவே இவை பயன்படத்தக்கன. எழுத்தின் முன்னிலையார் இலண்டனில் இருக்கின்றனர். எழுத்தின் பொருளான மக்களோ சுப்பீரியர் ஏரிக் கரையில் இருக்கின்றனர். இந்த இடைவெளியிலேதான் தன்மைப் பன்மைப் பெயர் தன் தொழிலைச் செய்கின்றது.

தமிழில் இப்பெயர் இரண்டு. கேட்போரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. பழந்தமிழ் இவ்வேறுபாட்டை ‘நாம்’, ‘யாம்’ என்று காட்டிற்று. உளப்பாடு என்னும் கருத்தை நம் இலக்கணமரபு நன்கறியும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இப்பாகுபாடு இல்லை. ஆனால் றடிசன் மகனாக வாழ்ந்த மோஹாக் குடும்பத்தின் மொழியில் இப்பாகுபாடு உண்டு. அவர் வணிகம் செய்த பகுதிகளில் வழங்கிய கிறீ, ஒஜிப்வே மொழிகளிலும் உண்டு. அம்மொழிகளில் ஒரு மன்றத்தில் எழுந்து பேசுபவன், தன் எதிரே அமர்ந்திருப்போரை உள்ளடக்கிப் பேசுகின்றானா, விலக்கிப் பேசுகின்றானா என்பதை வாய்திறந்த மாத்திரத்திலேயே வெளிப்படுத்தியாக வேண்டும். உறவு கூறாமல் பன்மை கூறல் அங்கு இயலாது. அதே மனிதர் இலண்டனில் ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் கட்டாயம் நீங்கிவிடுகின்றது.

றடிசனைத் தமிழாக்க முற்படும் எவரும் இதனை உடனே உணர்வர். ஒவ்வொரு வாக்கியத்திலும் மொழிபெயர்ப்பாளர் இரு வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். இப்பன்மையுள் அடங்கியோர் யாவர்? யாரை நோக்கி இது கூறப்படுகின்றது? இவ்வினாக்களோடு நான்கு உரைகளையும் தொடர்ந்து நோக்குமிடத்து ஓர் இயக்கம் புலனாகின்றது.

முதலாம் உரையில், சுவீகாரம் பெற்ற இளைஞன் மோஹாக் போர்க்குழுவுடன் செல்கின்றான். அங்கு பன்மை அக்குழுவையே குறிக்கின்றது. தந்தை, தாய், சகோதரர் என்னும் முறைப்பெயர்கள் தடையின்றி வருகின்றன. தப்பிச் செல்லும் எண்ணமும் அன்பும் ஒருசேர நிலவும் முரண்பாடு இப்பகுதிக்கு இலக்கியத் தரத்தை அளிக்கின்றது. றடிசனின் எழுத்துக்களில் இதுவே மிகச் சிறந்த பகுதி என்பது எமது கருத்து.

மூன்றாம் உரையில் நிலைமை வேறு. 1654 முதல் 1656 வரை குறொசெயியே மேற்கொண்ட மேற்குத்திசைப் பயணத்தில் தாமும் உடனிருந்ததாக றடிசன் எழுதுகின்றார். ஆனால் 1655இல் அவர் கியூபெக்கில் இருந்தமையைக் காட்டும் கையொப்பமிட்ட ஆவணம் ஒன்றுண்டு. தாம் காணாத நாட்டைக் கண்டதாகக் கூற அவருக்கு உதவியது எது? தன்மைப் பன்மைதான். தமக்கை கணவரின் அனுபவம் அச்சொல்லின் வழியே தம் அனுபவமாகின்றது. நாடறிந்தவர் என்ற தகுதியே அவர் இலண்டன் சந்தைக்குக் கொண்டுசென்ற சரக்கு. அச்சரக்கைப் பெருக்கிக் காட்டும் கருவியாகின்றது ஓர் இலக்கண வடிவம்.

நான்காம் உரையோ 1659-60ஆம் ஆண்டுப் பயணத்தைக் கூறுவது. பன்மை இங்கு இரு பிரெஞ்சுக்காரராகச் சுருங்கிவிடுகின்றது. தம்மிருவரையும் உரோமப் பேரரசருக்கு நிகராக எண்ணி அவர் பெருமிதங்கொள்ளும் இடம் ஆய்வாளர் பலரால் எடுத்தாளப்பட்டுள்ளது. அப்பெருமிதத்தின் பக்கத்தில் ஓர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தல் தகும். 1660 ஓகஸ்டில் தோல்களோடு வந்திறங்கியவை 60 ஓடங்கள்; வந்த பழங்குடியினர் ஏறத்தாழ 300 பேர் என்பது யேசுசபையாரின் நாட்குறிப்பு தரும் செய்தி. விலங்கைப் பிடித்தவரும் தோலைப் பதப்படுத்தியவரும் ஓடம் செய்தவரும் அதனைச் செலுத்தியவரும் வழி அறிந்தவரும் அம்மக்களே. அவர்கள் வந்திறங்கினர், ஆனால் ‘கொண்டுவந்தவர்’ இருவரேயாயினர்.

இது தனியொருவரின் தற்பெருமையா? அவ்வாறு கொள்வது பொருந்தாது. அக்கால உரோமத்தோல் வணிகத்தின் பொருளியல் அடிப்படையைக் கண்டாற் பன்மையின் இச்சுருக்கம் தெளிவாகும். ஐரோப்பாவில் பீவர் தோலுக்கு இருந்த கேள்வி, அதன் உள்ளுரோமத்தை அடித்து அழுத்திச் செய்யும் தொப்பிக்கான கேள்வியே. புறமயிர் நீங்கினாலன்றி அவ்வுரோமம் பயன்படாது. பழங்குடியினர் பீவர் தோல்களை மேலங்கியாகத் தைத்து, உரோமப் பக்கம் உடலிற் படுமாறு இரண்டு மூன்று குளிர்காலங்கள் அணிவர். உடலின் நெய்ப்பும் உராய்வும் புறமயிரை உதிர்த்துவிடும். ஆகையால் அணிந்து பழகிய தோலே நெடுங்காலம் கூடிய விலை பெற்றது. அணிந்தவர்க்கு அது பழைய உடை. வணிகருக்கு அது மேலான மூலப்பொருள். தோலைச் சுரண்டிப் பதமாக்கித் தைத்த பெண்களின் உழைப்பும், அணிந்து திரிந்த உடல்களும் உண்டாக்கிய பயன், ஒரு கத்திக்கோ கேத்திலுக்கோ கைமாறியது. பண்டம் தன்னை உண்டாக்கிய உழைப்பை மறைத்து நிற்கும் என்பது மார்க்ஸ் விளக்கிய உண்மை. றடிசனின் பன்மைப்பெயரும் அதே மறைப்பை மொழியில் நிகழ்த்துகின்றது.

எனினும் ஒரு வேறுபாட்டை வலியுறுத்தல் அவசியம். உரோமத்தோல் வணிகம் வணிக மூலதனத்தின் காலத்துக்குரியது. வேட்டையாடியவர் தம் நிலத்தையும் கருவியையும் முற்றாக இழந்தவரல்லர். அதனாலேயே பேரம் பேசினர். விருந்தும் பரிசும் பெற்றே தோல் கொடுத்தனர். விரும்பாதவிடத்துப் பிரெஞ்சுக்காரரை விடுத்து ஆங்கிலேயரிடம் சென்றனர். கடனாகப் பொருள் கொடுத்து அடுத்த பருவத்துத் தோலுக்கு அவர்களைக் கட்டிவைக்கும் முறை காலப்போக்கில் வலுப்பெற்றது. பெருந்தோட்ட முறை இதனின் வேறானது. தென்னிந்தியக் கிராமத்தில் நிலமற்றும் கடன்பட்டும் இருந்தவரைக் கங்காணியின் முற்பணம் மலைக்கு இழுத்து வந்தது. 1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை அக்கடனோடு அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. இரண்டும் கடனால் இயங்கியவை என்பதில் ஒப்புமை உண்டு. உற்பத்திச் சாதனத்தோடு உழைப்பாளிக்கு இருந்த உறவில் ஒப்புமை இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து எல்லாச் சுரண்டலும் ஒன்றே என்று கூறுவது ஆய்வாகாது.

றடிசனின் பிற்கால வாழ்வு இதே வாதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 1670களின் நடுப்பகுதியில் மீண்டும் பிரெஞ்சுப் பக்கம் சென்றார். 1682இல் ஹட்சன் விரிகுடாவில் பிரெஞ்சு வணிகருக்காக ஆங்கிலேயரை எதிர்த்துத் தொழிற்பட்டார். 1684இல் மறுபடி ஆங்கிலக் கொம்பனியில் சேர்ந்தார். இதனைக் கொண்டு அவரைத் துரோகி என்று இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் மாறிமாறிப் பழித்துள்ளனர். உண்மையில் தன் அறிவைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாத ஒருவர், சாசனமும் கப்பலும் கிடங்கும் வைத்திருந்தோர் இடையே அலைந்த கதையே இது. இறுதியில் கொம்பனி தமக்குத் தரவேண்டிய ஆண்டுத்தொகைக்காக 1690களில் நீதிமன்றத்தை நாடவேண்டியவரானார். 1710இல் இலண்டனில் இறந்தார். முதலீட்டாளரை உளப்படுத்தி எழுதியவரை முதலீட்டாளர் தம் பன்மையுள் ஏற்கவில்லை. இரண்டு பேரரசருள் ஒருவராகத் தம்மை எண்ணியவர், வழக்கில் ‘நான்’ என்ற ஒருமையில் நின்றார்.

றடிசனின் உரைகள் அச்சான 1885ஆம் ஆண்டு தற்செயலானதாயினும் கவனத்துக்குரியது. கொம்பனி தன் சாசன நிலத்தை 1869-70இல் கனடாவுக்கு 3,00,000 பவுணுக்குக் கைமாற்றியது. அங்கு வாழ்ந்த பழங்குடியினரும், தோல் வணிகத்தின் வழி உருவான மெற்றி மக்களும் கேட்கப்படவில்லை. லூயி றியேலின் தலைமையில் மெற்றியர் இருமுறை எதிர்த்தெழுந்தனர். 1885 நவம்பரில் றியேல் தூக்கிலிடப்பட்டார். நாடாய்வாளரின் பன்மை நூலாக வெளிவந்த ஆண்டிலேயே அம்மண்ணின் மக்கள் தமக்கெனக் கூறிய பன்மை தூக்குமேடையில் பதில் பெற்றது. கொம்பனியோ சில்லறை வணிகமாக நீடித்து, 2025இல் தன் கடைகள் அனைத்தையும் மூடியது.

இனி இலங்கைக்கு வருவோம். றடிசனுக்கு இங்கு ஓர் இணை உண்டு. 1660இல் கொட்டியாரத்தில் தந்தையோடும் கப்பலோட்டிகளோடும் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் அவர். அவரும் சிறைப்பட்டவர்; அவரும் வணிகர். தொப்பி பின்னி விற்றார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து விற்றார். நெல்லை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டிக்குக் கடன் கொடுத்தார். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலுக்கு அறிஞர் றொபேட் ஹூக் முன்னுரை எழுதினார். மலைநாட்டுச் சிங்கள விவசாயியின் வாழ்வை நுணுக்கமாகப் பதிந்த அந்நூலின் பெறுமதியை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் அதன் பன்மை தொடக்கம் முதல் இறுதிவரை ஆங்கிலேயரின் பன்மையே. சிறையினின்று மீண்டவர் பின்னர் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பற்றலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளைக் கொள்ளவும் சென்றார். சிறைப்பட்ட அனுபவம் தானாகவே சிறைப்பட்டோரின் பக்கம் ஒருவரை நிறுத்துவதில்லை. இந்த அளவில் இளமைக்கால றடிசன் நொக்ஸைவிட ஒரு படி மேலானவர். மாற்றாரின் பன்மையுள் ஒரு காலம் உண்மையாகவே வாழ்ந்தவர் அவர்.

நொக்ஸின் காலத்து மலைநாடு இரு நூற்றாண்டுகளின் பின் துரைமாரின் நாடாயிற்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டவியலாத கிராமத்தவரின் சேனைக் காட்டை அரசுக்குரியதாக்கி விற்பனைக்கு வைத்தது. ஹட்சன் விரிகுடாவில் சாசனம் செய்ததை இங்கு சட்டம் செய்தது. தோட்டத்துரைமாரின் நினைவு நூல்களில் ‘காட்டைத் திறந்தோம்’ என்ற கருத்து வழமையாக வருவது. திறந்தவர் யார்? மரம் வெட்டியோருள் சிங்களக் கிராமத்தவர் பலர். கன்று நாட்டியவரும் கொழுந்தெடுத்தவரும் தமிழ்த் தொழிலாளர். பூண்டுலோயாவைச் சூழ்ந்த டன்சினன், ஷீன், ஈட்டன் ஆகிய தோட்டங்கள் ஸ்கொத்லாந்தினதும் இங்கிலாந்தினதும் இடப்பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. மலையகத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமாக இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களும் உள்ளன. ஒரே மலைக்கு இரு பெயர் என்பது ஒரே நிகழ்வுக்கு இரு பன்மை என்பதற்குச் சான்று.

அரசியலிலும் இச்சொல்லின் எல்லை வகுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டின் ‘நாம்’ என்பதிலிருந்து மலையகத் தமிழரிற் பெரும்பான்மையினரை விலக்கியது. 1964இல் இரு அரசுகள் 5,25,000 பேரை ஒரு நாட்டுக்கும் 3,00,000 பேரை மற்றொரு நாட்டுக்கும் எண்ணிப் பிரித்தன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமையை வழங்கியது. கனடாவில் 1869இலும் இலங்கையில் 1948இலும் 1964இலும் நிகழ்ந்தவற்றில் ஒரு பொதுமை தெளிவு: எவரைப் பற்றிப் பேசப்பட்டதோ அவர் பேச்சில் முன்னிலையாராக இருக்கவில்லை.

இந்நிலையில் மலையகத்தின் இலக்கிய முயற்சிகள் தனிமுக்கியத்துவம் பெறுகின்றன. பூண்டுலோயாவுக்கு அண்மையில், வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் பாராளுமன்றம் சென்று, மறு ஆண்டே தம்மைத் தெரிந்தோர் நாடற்றோராவதைக் கண்டவர். தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய அவர், அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்தார். இவ்விரு பணிகளும் சேர்ந்தே நோக்கப்படல் வேண்டும். ஆங்கில எழுத்து வெளியாரை நோக்கி ‘நாங்கள்’ என்று பேசுவது. பாடற்றொகுப்பு லயத்துக்குள் ‘நாம்’ என்று ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருந்த பேச்சைக் காப்பது. றடிசனின் எழுத்தில் கரைந்துபோன வேறுபாடு இங்கு மீண்டும் தெளிவாகின்றது.

ஆகவே குடியேற்றகாலப் பயண எழுத்துக்களை நாம் ஒதுக்க வேண்டியதில்லை; அவற்றின் பெருமிதத்தைப் பகிரவும் வேண்டியதில்லை. அவற்றைத் தமிழிற் பெயர்த்துப் படித்தல் வேண்டும். பன்மை வரும் இடந்தோறும் நிறுத்தி, ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா, அதனுள் ஓடம் வலித்தவர் உளரா, கொழுந்துக் கூடை சுமந்தவர் உளரா என்று கேட்டல் வேண்டும். இதே வினா முற்போக்கு விமர்சனத்துக்கும் உரியது. மக்கள் சார்பில் ‘நாம்’ என்று எழுதும் விமர்சகர், பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண் தொழிலாளி அச்சொல்லைக் கேட்டால் தன்னையும் உளப்படுத்தியது என்று ஏற்பாளா என்பதைச் சோதித்தறிதல் கடன். அச்சோதனையிற் தேறாத பன்மை, எத்தகைய கொள்கையின் பேரில் எழுதப்படினும், இலண்டனை நோக்கி எழுதப்பட்ட பன்மையேயாகும்.